பத்தரையா, பன்னிரண்டா?

கரும்பலகையில் நான் எழுதியிருந்த பத்தரைக்குக் கீழே பேராசிரியர் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதினார். சுண்ணக்கட்டி கீச்சிட்டது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கல்லூரி மண்டபத்து ஜன்னல் வழியாக வந்து மேஜை விரிப்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு கையால் தாவணியைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றேன்.

"கூடையைக் கழிக்கச் சொல்லிக் கேள்வியிலே எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்டார் பேராசிரியர்.

நான் வாயைத் திறப்பதற்குள் கடைசிப் பெஞ்சின் கால் தரையில் உரசும் சத்தம் கேட்டது. யார் எழுந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அய்யா, ஒரு வார்த்தை."

என் அம்மா.

லயத்துக் கணக்கு

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருபவர்களுக்கு என் அம்மாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மூணாறு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாத்தா காலத்தில் மலையேறியவர்கள். அப்பா கவ்வாத்துக்காரர்; தேயிலைச் செடியின் தலையைச் சீவி மட்டம் செய்வது அவர் வேலை. அம்மா கொழுந்து எடுப்பவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்.

இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. சென்ற மாதம் ஒரு வாசகர், "இந்தப் பெண் பத்து வரிக்கு ஒரு தடவை இதைச் சொல்லிக்கொள்கிறாள்" என்று ஆசிரியருக்கு எழுதியிருந்தார். அவர் சரியாகப் படிக்கவில்லை. இருபது வரிக்கு ஒரு தடவைதான் சொல்கிறேன்.

தோட்டத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். கூடையோடு தராசில் தொங்கவிட்டு, கணக்கப்பிள்ளை எடையை உரக்கச் சொல்வார். பிறகு கூடைக்கென்று இரண்டு ராத்தலைக் கழித்துவிட்டு மீதியை எழுதிக்கொள்வார். ராத்தல் என்பது பவுண்டுதான். மலையில் எங்களுக்கு அது ராத்தல்.

ஆக, பெண்களின் காதில் விழுவது கூடையோடு சேர்ந்த எடை. எழுதப்படுவது அதைவிடக் குறைவு. பொழுது சாய்ந்து லயத்துக்கு வந்ததும் (எங்கள் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர்) கால் கழுவுவதற்கு முன்பே அந்தக் கணக்கு வந்துவிடும். தோட்டத்துச் சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரிடம் நான் எழுத்துப் படிக்க ஆரம்பித்த கொஞ்ச நாளில் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

"ஏளா ஜெபமணி, எனக்குப் பதினாறு, இருவத்தொண்ணு, பதிமூணு. என்னாச்சு?"

"நாப்பத்திநாலு, அத்தை."

"அம்பது வருமின்னுல்லா நினைச்சேன்!"

"கூடையைக் கழிக்கணும்லா அத்தை."

ஈரத் தேயிலை வாசனையோடு நாலைந்து பேர் என்னைச் சுற்றி நிற்பார்கள். நான் கூட்டுவேன், ஆறைக் கழிப்பேன், சொல்வேன். கழிப்பதை நான் நினைத்துச் செய்வதில்லை. கொட்டாவி வந்தால் வாய் திறப்பதுபோல அது தானாக நடக்கும். எட்டு வயதில் எங்கள் லயத்துக்கே நான்தான் கணக்குக்காரி. நடையில்கூட ஒரு மிடுக்கு வந்துவிட்டது என்று அக்காள் சொல்வாள்.

பழனாத்தாள்

உபதேசியார் சிபாரிசு செய்ததால்தான் பாலக்காட்டு மிஷன் போர்டிங் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது. அந்தப் பயணத்தையும், முதல் வாரம் முழுவதும் சோற்றில் தேங்காயெண்ணெய் மணக்கிறது என்று நான் அழுததையும் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

வகுப்பில் பாதிப் பேர் மலையாளம் பேசுபவர்கள். தமிழ் பேசுபவர்களிலும் என் தமிழ் பழனாத்தாளுக்குச் சிரிப்பு; அவள் தமிழ் எனக்குச் சிரிப்பு. அவள் கஞ்சிக்கோட்டுக்காரி. அவர்கள் காட்டில் நிலக்கடலை விளையும். தினமும் காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போவாள். மடியில் எப்போதும் வறுத்த கடலை இருக்கும். கணக்கில் நானும் அவளும் மாறி மாறி முதலில் வருவோம். எங்களுக்குள் சண்டை வந்தால் அதைத் தீர்க்க ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். யாருக்கு விடை முதலில் வருகிறதோ அவள் பக்கம் நியாயம்.

"இது ஒரு நாயமா புள்ள?" என்று தோற்ற நாளில் கேட்பாள். ஜெயித்த நாளில் கேட்கமாட்டாள்.

நாங்கள் ஐந்தாவது பாரத்தில், அதாவது பத்தாம் வகுப்பில், இருந்தபோது அந்தச் செய்தி வந்தது. சர்வகலாசாலையின் சார்பில் ஹைஸ்கூல் மாணவர்களுக்கு ஒரு கணிதப் போட்டி. எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பாலக்காட்டுக் கல்லூரியில் நடக்கும். பள்ளிக்கு இருவரை அனுப்பலாம்.

பெண்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று எங்கள் கணக்கு டீச்சர் எழுதிக் கேட்டார். சேர்க்கக் கூடாது என்று விதியில் இல்லை என்று பதில் வந்தது. விதி எழுதியவருக்கு அப்படி ஒரு எண்ணமே தோன்றியிருக்காது என்று டீச்சர் சிரித்தார்.

நானே இழுத்து விட்டுக்கொண்டது

இனி அம்மாவுக்கு வருகிறேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மலைக்குப் போனபோது வீட்டில் நிலைமை மாறியிருந்தது. அக்காளுக்குக் கல்யாணமாகி அவள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். லயத்தில் ஒரு வீடு இருந்தால் அந்த வீட்டிலிருந்து கொழுந்துக்கு இரண்டு பெண்கள் வரவேண்டும். எங்கள் வீட்டில் இப்போது அம்மா ஒருத்திதான். வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி இரண்டு தடவை வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போயிருந்தார்.

"போதும் படிச்சது. பாரம் பாரமுன்னு அஞ்சு பாரம் ஆச்சு. இனி படங்கு கட்டு" என்றாள் அம்மா. படங்கு என்பது கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற சாக்கு.

அப்பா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் அவர் அடுப்பைத்தான் பார்ப்பார்.

நான் அழுதிருக்கலாம். அழுதிருந்தால் அம்மா ஒருவேளை இளகியிருப்பாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பாலக்காட்டுல ஒரு போட்டி நடக்கு. ஆம்பளப் பள்ளிக்கூடமெல்லாம் வருது. அதுல மொதல்ல வந்தா?"

"வந்தா?"

"படிச்சு முடிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது."

"வரலேன்னா?"

"நானே படங்கு கட்டிக்கிடுதேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி. ஆனா ஜெயிச்சேன், தோத்தேன்னு நீ வந்து சொல்லுதத நான் நம்பமாட்டேன். நானே வாரேன். தோத்தா அங்கேயே பெட்டியக் கட்டிக் கூட்டிட்டு வந்துருவேன்."

அப்பா ஒரு தடவை என்னைப் பார்த்தார். "ஏட்டி, ரெண்டாவது வந்தா என்னன்னு கேட்டு வச்சுக்கோ" என்றார்.

"ரெண்டாவதெல்லாம் நான் வரமாட்டேன்ப்பா."

இப்போது அதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது அப்படித்தான் நம்பினேன்.

ஆற்றுக்கல்

போட்டிக்கு முதல் நாளே அம்மா வந்துவிட்டாள். கோயிலுக்கு உடுத்தும் வெள்ளைச் சேலை, கையில் ஒரு மூட்டை, மூட்டையின் மேல் சுருட்டி வைத்த புதுக் கயிறு. கயிறு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

காலையில் எழுத்துப் பரீட்சை. கல்லூரியின் நீண்ட அறையில் அறுபது எழுபது பையன்கள், நாங்கள் இரண்டு பேர். அன்று காற்று பலமாக இருந்ததால் ஒவ்வொருவர் மேஜையிலும் தாள் பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல் வைத்திருந்தார்கள். கல்பாத்தி ஆற்றுக் கல். என் கல் வழுவழுவென்று ஈரமில்லாமலே குளிர்ச்சியாக இருந்தது. யோசிக்கும்போது அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

தாளைத் திருப்பினேன். முதல் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் காலையில் பதினான்கு, பகலில் பத்தொன்பது, மாலையில் பதினைந்து பவுண்டு கொழுந்து பறித்தாள், நான்கு பவுண்டு கொழுந்துக்கு ஒரு பவுண்டு தேயிலைத்தூள் என்றால் எவ்வளவு தூள் கிடைக்கும்?

பயந்தவர்களைத் தேற்றுவதற்காக முதலில் இப்படி ஒரு சுலபமான கேள்வியைப் போடுவார்களாம். எனக்கோ அது வீட்டிலிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. வழிகூட எழுதாமல் நேராக விடையை எழுதிவிட்டு இரண்டாவது கேள்விக்குப் போனேன்.

மற்றவை சுலபமில்லை. வட்டத்துக்குள் முக்கோணம் ஒன்று என் உயிரை வாங்கியது. ஆனாலும் மணி அடித்தபோது ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் போட்டிருந்தேன்.

வெளியே மாமரத்தடியில் பழனாத்தாள் கடலையை நீட்டினாள்.

"மொதக் கேள்வி என்ன புள்ள? பன்னெண்டு தானே?"

வாயில் போட்ட கடலையை நான் மெல்லவில்லை. "பத்தரை" என்றேன்.

அவள் விரலை மடக்கிக் கூட்டினாள். "நாப்பத்தெட்டு. நாலுல வகுத்தாப் பன்னெண்டு. நீ எப்படிப் பத்தரை கொண்டாந்தே?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று தடவை நிறுத்ததற்கு ஆறு ராத்தலைக் கழித்து நாற்பத்திரண்டை வகுத்திருக்கிறேன்.

"கூடையைக் கழிச்சுட்டேன்."

"எந்தக் கூடை?"

நான் சொல்லச் சொல்ல அவள் கண்கள் விரிந்தன. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லவேளை, கடலக்காய்க் கணக்கு வருல. வந்திருந்தா நான் தோலை உரிச்சுப்போட்டு எடை போட்டிருப்பேன்!"

கொஞ்ச தூரத்தில் அம்மா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, போகிற வருகிற பையன்களின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மேடையில்

அந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானத்துக்குள் தாள்களைத் திருத்தி, முன்னணியில் உள்ள மூவரைச் சாயங்காலம் எல்லோர் முன்பும் மேடைக்கு அழைப்பார்கள். தவறு என்று குறிக்கப்பட்ட ஒரு கேள்வியை அவரவர் தேர்ந்தெடுத்துத் தன் விடைக்காக வாதாடலாம். வாதம் நின்றால் அந்த மார்க் திரும்பக் கிடைக்கும்.

மூவரில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. பழனாத்தாளின் பெயர் இல்லை. அவள் எனக்காகக் கைதட்டியது எல்லோர் கைதட்டலையும்விட அதிகமாகக் கேட்டது. முதலில் இருந்தவன் கண்ணாடி போட்ட ஒரு பையன். அவன் வாதாடியது எடுபடவில்லை; அப்போதும் அவனுக்கு என்னைவிட ஆறு மார்க் கூட. தேயிலைக் கேள்விக்குப் பத்து மார்க்.

அது திரும்பக் கிடைத்தால் நான் முதல். கிடைக்காவிட்டால் படங்கு.

பேராசிரியர் கல்பாத்திக்காரர். தலைப்பாகை, கோட்டு, பஞ்சகச்சம். கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். என் வாயிலிருந்து பதில் தமிழில் வந்தது.

"கூடையைக் கழிச்சிருக்கேன், சார்."

முன்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பத்தரைக்குக் கீழே கோடு போட்டுவிட்டு, கூடையைக் கழிக்கச் சொல்லி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். அங்கேதான் அம்மா எழுந்தாள்.

"யாரு?" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார் பேராசிரியர்.

"இவளப் பெத்தவ, அய்யா. நான் கொழுந்து எடுக்கேன். கூடையோடதான் நிறுப்பாக. கூடை ரெண்டு ராத்தல். அதக் கழிச்சாத்தான் கொழுந்து. எம் மவ ஒழுங்காத்தான் போட்டிருக்கா."

சிரிப்பு மண்டபம் முழுவதும் பரவியது. எங்கள் டீச்சர் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அம்மா அதை விடுவித்துக்கொண்டாள்.

எனக்குக் காது சுட்டது. அதே சமயம், இந்தப் பெண்பிள்ளை என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகக் கயிற்றோடு வந்தவள் என்பது நினைவுக்கு வந்தது. நான் தோற்றால் ஜெயிப்பது அவள். அதை அவள் அந்த நிமிஷம் மறந்தே போயிருந்தாள்.

பேராசிரியர் டஸ்டரால் மேஜையைத் தட்டினார். "ஏண்டா சிரிக்கறேள்? அவா சொல்றது யோசிக்கவேண்டிய விஷயமாக்கும்." கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிக் கடைசிப் பெஞ்சுவரை நடந்தார். எல்லாத் தலைகளும் அவரோடு திரும்பின.

"அம்மா, நீங்க ஆத்துக்குப் போய், இன்னிக்கு இத்தனை ராத்தல் கொழுந்து எடுத்தேன்னு சொல்லுவேள் இல்லையா? அது கூடையோடயா, கூடை இல்லாமலா?"

"கூடைய எதுக்குச் சொல்லப் போறேன்? கொழுந்தத்தான் சொல்லுவேன்."

"சரி. இங்கே போட்டிருக்கறது, இந்தப் பொம்மனாட்டி பதினாலு ராத்தல் கொழுந்து எடுத்தான்னு. தராசிலே பதினாலு காட்டித்துன்னு போடலை. கேட்டேளா? இப்போ சொல்லுங்கோ. கூடை எங்கே?"

அம்மாவின் வாய் லேசாக அசைந்தது. விரல்கள் சேலை மடிப்புக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று மடிந்தன. காற்று எங்கோ ஒரு கதவைச் சாத்தியது.

பிறகு அவள் முகம் தெளிந்தது. மண்டபத்துக்கு மேலாக என்னைப் பார்த்து, லயத்து வாசலிலிருந்து கூப்பிடுவதுபோல உரக்கச் சொன்னாள்:

"ஏளா! கூடைதான் ஏற்கெனவே போயிருச்சே! நீ ரெண்டு வாட்டில்லா கழிச்சிருக்கே!"

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் பேராசிரியரும் சேர்ந்துகொண்டார். அவர் மேடைக்குத் திரும்பி வந்து, "நீ என்ன சொல்றே, குழந்தே?" என்று கேட்டார்.

வேறு என்ன சொல்ல? "அம்மா சொல்றது சரி, சார். என் விடை தப்பு" என்றேன். பத்தரையை நானே அழித்தேன்.

முதல் பரிசு கண்ணாடிப் பையனுக்கு. எனக்கு இரண்டாவது, ஒரு காம்பஸ் பெட்டி கொடுத்தார்கள். அதற்குள் வெல்வெட்டுப் பள்ளங்களில் கருவிகள் படுத்திருந்தன. இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

கயிறு

அன்று மாலையே என் தகரப் பெட்டி கட்டப்பட்டது. அம்மா குறுக்காக ஒன்று, நெடுக்காக ஒன்று என்று கயிற்றைப் போட்டு, முழங்காலால் அழுத்தி முடிச்சிட்டாள்.

டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பழனாத்தாள் அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க அம்மா, மொத்த ஜில்லாவுலயும் ரெண்டாவதுங்க. எங்க ஊட்ல நான் முப்பதாவது வந்ததுக்கே அப்பன் பட்டாசு வாங்கியாறேன்னு சொல்லியிருக்குதுங்க."

"அது ஒங்கப்பன் குணம்மா" என்றாள் அம்மா. "இது எனக்கும் இவளுக்கும் பேச்சு."

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசமாட்டேன் என்றுதானே சொல்லியிருந்தேன். அந்த இரவு போர்டிங் படுக்கையில் தூங்கினேனா என்று கேட்டால், நன்றாகவே தூங்கினேன். பதினாறு வயதில் எதுவும் தூக்கத்தைக் கெடுக்காது.

மறுநாள் ரயிலில் பொள்ளாச்சிவரை அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பொள்ளாச்சி தாண்டியதும் திடீரென்று கேட்டாள்:

"அந்தக் கண்ணாடிப் பய வாதாடினானே, அது என்ன கணக்கு?"

"வட்டத்துக்குள்ள முக்கோணம்."

"எதுக்கு அது?"

"எதுக்குமில்லம்மா. அதோட கோணத்தக் கண்டுபிடிக்கணும்."

"ஒனக்கு அது வந்துச்சா?"

"அதுதான் வரல."

"கொழுந்துக் கணக்கு?"

"அது வந்து கெட்டுச்சு."

அம்மா மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனக்குத்தானே சொல்வதுபோல, "தராசுல காட்டுனதுன்னு போட்டிருந்தா நாமதான் சரி" என்றாள். நாம் என்று சொன்னதை நான் கவனித்தேன்.

இரவு உடுமலைப்பேட்டையில் எங்கள் சபைக்காரர் ஒருவர் வீட்டில் தங்கினோம். காலையில் மலைக்குப் பஸ் ஏறினோம்.

மறையூரில்

மறையூரில் மேலே போகிற பஸ்ஸும் கீழே வருகிற பஸ்ஸும் சந்தித்துக்கொள்ளும். எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் வரை ஜனங்கள் இறங்கி நிற்பார்கள். சாலையோரக் கொட்டகையில் கரும்புப்பால் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனைக்கு என் வாய் ஊறியது. கவலையில் இருக்கும்போது வாய் ஊறுவது எனக்கு வெட்கமாக இருந்தது.

கீழே போகிற பஸ்ஸிலிருந்து உபதேசியாரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். சபைக் கூட்டத்துக்காகப் பொள்ளாச்சி போகிறார்களாம். என்னைப் பள்ளிக்கு அனுப்பிய மனிதர் அவர்தான். எங்களைப் பார்த்ததும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"போட்டி என்னாச்சு? ஜெபமணி ஜெயிச்சாளா?"

தோற்றுவிட்டாள் என்று அம்மா சொல்வாள், அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அம்மா, "கணக்கக் கேளுங்க அய்யா" என்று ஆரம்பித்தாள். பதினான்கு, பத்தொன்பது, பதினைந்து என்று எதையும் விடாமல் சொன்னாள்.

உபதேசியார் மனதுக்குள் கூட்டினார். "நாப்பத்தெட்டு. கூடைக்கு ஆறு கழிச்சா நாப்பத்திரண்டு. பத்தரை. இவளும் பத்தரைதானே போட்டா? பெறகு எப்படித் தோத்தா?"

"நீங்களுமா!" என்றாள் அம்மா.

வெல்லம் உருட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள். விஷயத்தைக் கேட்ட ஒருவர், "பாத்திரத்தக் கழிக்காம நாங்ககூட எடை சொல்லமாட்டோமே. அந்தப் புள்ள போட்டதுதான் சரி" என்றார்.

"எடுத்த கொழுந்துன்னு போட்டிருக்காக. தராசுன்னே போடல."

"போடாட்டா என்ன? கொழுந்து கையிலயா கெடக்கும்? கூடையிலதான கெடக்கும்."

"அட, அதைத்தான் நானும் சபையில எந்திரிச்சு நின்னு சொன்னேன்! கோட்டுப் போட்ட ஆம்பளைக அத்தன பேரு முன்னால சொல்லி, நானும்லா தோத்துட்டு வந்திருக்கேன்!"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

கீழே போகிற பஸ்ஸின் டிரைவர் ஹார்ன் அடித்தார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வருசமும் நடத்துவாகளா அத?"

"வருசா வருசம் நடத்துவாங்களாம்."

"ஆறாவது பாரத்துக்காரிகள விடுவாகளா?"

"விடுவாங்க."

"அப்ப அய்யாகூட எறங்கிப் போ. ரயில்ல ஏத்திவிடுவாரு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் அந்தப் பாழாய்ப்போன ரோஷம் குறுக்கே வந்து நின்றது. "தோத்தா வாரேன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான்" என்றேன்.

"வாக்கு யாருகிட்ட குடுத்தே?"

"உங்கிட்ட."

"நான்தான வாங்குனேன்? நான் வேண்டாங்கேன். ஏறு."

"கங்காணிக்கு என்ன சொல்லுவே?"

"ஒஞ் சித்தி ஊருல சும்மாத்தான இருக்கா. மலைக்கு வரச் சொல்லி ஆளனுப்புதேன். அதுவரைக்கும் அவரு வந்து வாசல்ல நிக்கட்டும். நின்னா காலு வலிக்கப்போறது அவருக்குத்தான்."

(சித்தி அடுத்த மாதமே வந்துவிட்டாள். அவள் கதை தனி.)

என் பெட்டி மூணாறு பஸ்ஸின் கூரையில் இருந்தது. அதை இறக்கி இந்தப் பஸ்ஸின் கூரையில் ஏற்றவேண்டும் என்றதும் கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, காலையிலதான ஏத்துனோம்? இந்தப் புள்ள படிக்கப் போகுதா, பெட்டிய ஊர்வலம் விடுதா?"

"படிக்கப் போறா" என்றாள் அம்மா. "பாலக்காட்டுல ரெண்டாவது. மெதுவா எறக்கு."

உபதேசியார் மனைவி எனக்கு ஜன்னலோரம் இடம் விட்டார். அம்மா வந்து ஏதாவது சொல்வாள், தலையைத் தொடுவாள் என்று எதிர்பார்த்தேன். பஸ் கிளம்பும் வரை வரவில்லை. எட்டிப் பார்த்தேன்.

வெல்லக்காரர்கள் இன்னும் ஒத்துக்கொண்டிருக்கவில்லை போலிருக்கிறது. ஒருவர் கையை விரித்து என்னவோ சொன்னார். அம்மா பலமாகத் தலையாட்டி மறுத்தாள். பிறகு வெள்ளைச் சேலையை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு தரையில் குந்தி, ஆறாத வெல்ல உருண்டைகளில் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தாள்.

மூணாறு பஸ் ஹார்ன் அடித்தது. அம்மா தலையைத் தூக்காமலே ஒரு கையை உயர்த்தி அதை நிற்கச் சொல்லிவிட்டு, கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.